லிங்கனின் கை நடுங்கியதா?

தபால் தலை சேர்ப்பவர்களை நாம் அறிவோம். பழைய நாணயம் சேர்ப்பவர்களையும் அறிவோம். இவர்களை யெல்லாம் விட விசித்திரமான ஒரு கூட்டத்தார் உண்டு. அவர்கள் தேடி அலைவது பழுப்பேறிய காகிதங்களை! காகிதத்தில் என்ன விஷயம் எழுதியிருந்தாலும் சரி. அதன் அடியில் ஒரு தேசத்தின் தலைவர் தம் கைப்பட ஒப்பமிட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த ஆசை மிகவும் பிரபலம். வாஷிங்டன் முதற்கொண்டு ஒரு ஜனாதிபதி விடாமல் எல்லாருடைய கையெழுத்தையும் சேர்த்துவிட வேண்டுமென்று ஆயுள் முழுவதும் பாடுபடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

இந்த வேட்டையில் ஒரு வேடிக்கை உண்டு. வில்லியம் ஹென்றி ஹாரிஸன் என்பவர் 1841-ம் வருஷம் மார்ச்சு 4-ந் தேதி ஜனாதிபதி பதவி ஏற்றார். ஏப்ரல் 4-ந் தேதி காலமானார். பெரிய காரியம் எதையும் சாதிக்க அவருக்கு அவகாசம் இல்லை. ஆயினும் அந்த ஒரு மாதத்திற்குள் அவர் ஒப்பமிட்ட தஸ்தாவேஜு ஒன்று அகப்பட்டுவிட்டால், சேகரிப்பவர் தலைகால் தெரியாமல் குதிப்பார். அருமைக்குத்தான் அங்கே விலை, பெருமைக்கு அல்ல.

ஏமாற்றங்களுக்கும் குறைவில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்க சர்க்கார் குடியானவர்களுக்கு நிலம் விற்கும்போது ஜனாதிபதியே பட்டாவில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது வழக்கம். நிலம் பெருகப் பெருகப் பட்டாக்களும் மலை போல் குவிந்தன. கடைசியில் 1833-ம் வருஷம், ஜனாதிபதியின் பெயரை அவருக்காக ஒரு காரியதரிசியே எழுதலாம் என்று சட்டம் செய்தார்கள். ஆகவே அதற்குப் பிற்பட்ட பட்டாவில் "ஆண்ட்ரூ ஜாக்ஸன்" என்று அழகாக எழுதியிருப்பதைப் பார்த்து மகிழ்ந்து போகிறவர், காரியதரிசியின் எழுத்தைக் கண்டுதான் மகிழ்கிறார்!

இது மோசடியன்று, சட்டம் அனுமதித்த காரியம். அசல் மோசடிக்காரர்களும் இருந்தார்கள். 19-ம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில் ராபர்ட் ஸ்பிரிங் என்பவன், பழைய புஸ்தகங்களிலுள்ள வெற்றுத் தாள்களைக் கிழித்து, அவற்றில் வாஷிங்டனின் கையெழுத்தை எழுதி விற்றான். அடுத்த நூற்றாண்டில் ஜோஸப் கோஸி என்பவன் தோன்றினான். அவன் சர்க்கார் நூல்நிலையத்திலிருந்து பெஞ்சமின் பிராங்க்ளின் ஒப்பமிட்ட அசல் காகிதம் ஒன்றைத் திருடி, ஒரு வியாபாரியிடம் கொண்டு போனானாம். வியாபாரி அதைப் போலி என்று தள்ளிவிட்டார். கோஸிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. லிங்கனின் கையெழுத்தைத் தானே எழுதி எடுத்துக்கொண்டு அதே வியாபாரியிடம் போனான். இந்தத் தடவை அவர் அதை அசல் என்று நம்பிப் பத்து டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டாராம்!

அசலையும் போலியையும் பிரித்தறிவதற்கு மை, காகிதம், எழுத்தின் சுழிப்பு இவற்றை யெல்லாம் நிபுணர்கள் பரிசோதிக்கிறார்கள். ஆனால் எந்தப் பூதக் கண்ணாடிக்கும் அகப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கையெழுத்து எதற்காக இடப்பட்டது?

1863-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அன்று காலையில் அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தைச் சுத்தமாக எழுதி ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனிடம் கொண்டு வந்தார்கள். முடிவு வாசகத்தில் ஒரு பிழை இருந்ததைக் கண்டு அவர் அதைத் திருப்பி அனுப்பினார். பிறகு புது வருஷ வைபவத்துக்காக வெள்ளை மாளிகைக்கு வந்த ஜனங்களின் கையைப் பிடித்துக் குலுக்கத் தொடங்கினார். மணிக் கணக்கில் குலுக்கினார். பிற்பகலில் திருத்திய பிரதி வந்தது. பேனாவை எடுத்தார், வீங்கிப்போன கை நடுங்கிற்று. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தாம் செய்வது நியாயம் என்பதில் தமக்கு எள்ளளவும் சந்தேகமில்லை யென்றும், ஆனால் கையெழுத்து நடுங்கியிருந்தால் பின்னால் பார்க்கிறவர்கள் 'இவர் தயங்கினார்' என்று சொல்வார்கள் என்றும் அவர் கூறியதாக அருகிலிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சற்றுப் பொறுத்து மறுபடியும் பேனாவை எடுத்தார். கடிதங்களில் 'ஏ. லிங்கன்' என்று சுருக்கமாக எழுதுகிறவர், இங்கே தம் பெயரை முழுமையாக, நிதானமாக எழுதி முடித்தார். கலகம் செய்த மாகாணங்களில் அடிமைகளாயிருந்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பற்றிய கையெழுத்து அது. அவர்கள் எல்லாருடைய தளையும் அன்றே அறுந்துவிடவில்லை. வடக்கத்திய சேனை முன்னேற முன்னேறத்தான் விடுதலை கைக்கு வந்தது. தேச முழுவதும் அடிமைத்தனம் ஒழிந்தது 1865-ம் வருஷ முடிவிலேதான். ஆனாலும் பின்வாங்க முடியாத அடி அன்று எடுத்து வைக்கப்பட்டுவிட்டது.

லிங்கன் தம் கையாலேயே எழுதிய பிரகடனத்தின் நகல் ஒன்று அவரிடம் இருந்தது. அவ்வருஷம் அக்டோபரில், காயமடைந்த போர் வீரர்களின் உதவிக்காகச் சிகாகோ நகரத்துப் பெண்மணிகள் பொருட்காட்சி நடத்தி, அந்த நகலை நன்கொடையாகக் கேட்டார்கள். அதைத் தாமே வைத்துக்கொள்ள ஆசை உண்டு என்று லிங்கன் ஒளிக்காமல் எழுதினார். வீரர்களுக்குப் பயன்படுமானால் அதுவே மேல் என்று கூறி அனுப்பியும்விட்டார். அது 3,000 டாலருக்கு விலைபோயிற்று. 1871-ல் சிகாகோ நகரம் தீப்பற்றி எரிந்தபோது அதுவும் சாம்பலாயிற்று.

1864-ல் பிலடெல்பியாவிலும் அத்தகைய பொருட்காட்சி நடந்தது. பிரகடனத்தை 48 பிரதிகள் அச்சிட்டு, லிங்கன் ஒவ்வொன்றிலும் ஒப்பமிட்டார். விலை 10 டாலர். அந்த விலைக்கும் எல்லாம் விற்கவில்லை! நூறு வருஷம் கழித்து, 1964-ல், ராபர்ட் கென்னடி அவற்றில் ஒன்றை 9,500 டாலருக்கு வாங்கினார். அதே பிரதி 2010-ல் 37 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

தனவந்தர்கள் அத்தகைய பிரதியைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துப் பூஜிக்கட்டும், தவறில்லை. ஆனால் லிங்கன் ஜனவரி முதல் தேதியன்று ஒப்பமிட்ட அசல் பிரகடனம் யாருக்கும் விலைக்குக் கிடைக்காது. வாஷிங்டன் நகரத்தில் தேசிய ஆவணக் களஞ்சியத்தில் அது பொதுச் சொத்தாக இருக்கிறது. வெளிச்சம் பட்டால் மை மங்கிவிடும் என்று ஜாக்கிரதையாகவே அதை ஜனங்களுக்குக் காட்டுகிறார்கள். ஒரு காலத்தில் சந்தையில் விலை கூறப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகளுடைய பிள்ளைகளும் வரிசையில் நின்று அதைப் பார்க்கிறார்கள்.

கை நடுங்கியதா என்று அவர்கள் உற்றுப் பார்த்துக்கொள்ளட்டும். மனம் நடுங்கவில்லை என்பதற்கு அவர்கள் அங்கே வந்து நிற்பதே சாட்சி!