எம்.சி.ஏ. படிக்க மாட்டுங்கா போதும், சான்றிதழ்தான் சிக்கல்

மும்பை தாராவியில் விடிவதற்கு முன்பே இட்லி வெந்துவிடும். சைக்கிளில் விற்பவர்களுக்கு இட்லி கொடுத்தனுப்பும் வீட்டில் ஒரு கணக்கு நோட்டு இருக்கும்: யாருக்கு எத்தனை, யார் பாக்கி. முருகன் என்று இரண்டு பேர் இருந்தால் 'சயான் முருகன்', 'செம்பூர் முருகன்' என்று எழுதிச் சமாளிப்பார்கள். கணினியில் ஆளுக்கு ஓர் எண். ஆள் பட்டியல் தனி, ஆர்டர் தனி, வரவு தனி; மூன்றையும் அந்த எண் இணைக்கும். முருகன் போன் நம்பரை மாற்றினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

கணினித் தகவல் அமைப்புப் படிப்பின் அடித்தளம் இதுதான். புரோகிராம் எழுதுவது அதில் ஒரு பங்கு. ஒரு கடையிலோ மருத்துவமனையிலோ தகவல் எங்கே பிறந்து யார் கைக்குப் போகிறது என்று கண்டறிவது இன்னொரு பங்கு. கணக்கு நோட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது அந்நியமான படிப்பே அல்ல.

மும்பையில் இதை பி.சி.ஏ., பி.எஸ்சி. ஐ.டி., எம்.சி.ஏ. என்ற பெயர்களில் படிக்கிறார்கள். 1887-இல் தொடங்கி, 1923-இல் மாட்டுங்காவுக்கு வந்த வி.ஜே.டி.ஐ. கல்லூரியில் எம்.சி.ஏ. இருக்கிறது. தாராவியிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் வந்துவிடும். பெண்களுக்கு, சமூகச் சீர்திருத்தவாதி கார்வே 1916-இல் நிறுவிய எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகம் உண்டு, அதன் ஜுஹு வளாகத்தில் 1997 முதல் பெண்களுக்கான பொறியியல் கல்லூரியே நடக்கிறது.

எம்.சி.ஏ. இப்போது இரண்டே ஆண்டுப் படிப்பு. கணிதம் படித்திருந்தால் பி.காம். முடித்தவரும் சேரலாம். அதற்கு மாநில அரசின் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். 2024-25 முதல் பி.சி.ஏ.வுக்கும் நுழைவுத்தேர்வு வந்துவிட்டது. பத்தாம் வகுப்போடு கணிதத்தைக் கைவிடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

அதைவிடப் பெரிய தடை சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதியினருக்கு 1950 ஆகஸ்ட் 10, பிற்படுத்தப்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13: இந்தத் தேதிக்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிரத்தில் குடியிருந்ததைக் காட்டினால்தான் இங்கே இடஒதுக்கீடு. தாத்தா திருநெல்வேலியிலிருந்து 1970-இல் வந்திருந்தால், தாராவியிலேயே பிறந்த பேத்தியும் பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். சாதி மாறவில்லை, ஒடுக்குமுறையும் மாறவில்லை. மாநில எல்லையைத் தாண்டியதும் உரிமை மட்டும் நின்றுவிடுகிறது. இது அநீதி என்றே சொல்வேன். எட்டு லட்சம் ரூபாய்க்குள் வருமானமுள்ள பிற்படுத்தப்பட்ட குடும்பத்துப் பெண்களுக்கு 2024-25 முதல் தொழிற்படிப்புக் கட்டணத்தை மாநில அரசு முழுமையாக ஏற்கிறது. அந்தச் சலுகையும் சான்றிதழ் இருந்தால்தான் கைக்கு வரும்.

ஆகவே பெற்றோரே, அப்பாவின் பள்ளிச் சான்று, தாத்தாவின் ரேஷன் அட்டை, பழைய வாடகை ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும்போதே சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.