முடக்குவாதமும் மலையகப் பெண்களும்

இலங்கையில் மிகுந்த மழைபெறும் பிரதேசங்களுள் கினிகத்தேனையும் அதனையடுத்த வட்டவளையும் அடங்கும். இங்கு கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்கள் வீங்கி விறைத்தால், மழையும் குளிரும் தந்த வாதமெனக் கருதித் தைலம் பூசுதல் எளிது. இக்கருத்தை நாம் மறுபரிசீலனை செய்தல் வேண்டும்.

ஈரக்குளிர் நோவைக் கூட்டலாம், முடக்குவாதத்தைத் தோற்றுவிப்பதில்லை. உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதியே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் இந்நோய் விளைகிறது. ஆண்களிலும் பார்க்கப் பெண்களை இது இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகப் பீடிக்கிறது. இரு கைகளின் விரல் மூட்டுகளும் ஒருங்கே வீங்குதல், காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தல் ஆகியன இதன் குறிகள். கவனியாது விடின் என்பு அரிக்கப்படும், குருதிச்சோகை சேரும், நுரையீரலும் இதயமும் பாதிப்புறலாம்.

1948 இல் பிலிப் ஹென்ச் அமெரிக்காவில் இந்நோய்க்குக் கோட்டிசோனை அளித்து வியத்தகு பயன் கண்டார். எனினும், அதன் நீண்டகால உபயோகம் என்பைப் பலவீனப்படுத்துமென்பது பின்னர் புலனாயிற்று. இன்று முதலிடம் பெறுவது மெதொட்ரெக்சேற். இதனை வாரத்துக்கு ஒருமுறை மாத்திரமே உட்கொள்ளல் வேண்டும். தவறி நாள்தோறும் உட்கொள்ளின் உயிராபத்து நேரலாம். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. குருதியையும் ஈரலையும் இடையிடையே சோதித்தலும் அவசியம்.

நோய் தொடங்கிய சில மாதங்களுள் சிகிச்சை ஆரம்பமாயின் மூட்டுச் சிதைவைப் பெரிதும் தடுக்கலாம். ஆயின், நாட்கூலி பெறுபவளுக்குப் பரிசோதனை நாள் கூலியிழக்கும் நாளாகிறது. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' விழுகிறது. ஆகவே, கூலி குறையாத மருத்துவ விடுப்பையும் இச்சிகிச்சையின் ஓர் அங்கமாகவே நாம் கொள்கிறோம்.