செலுத்தப்பட்டது: ஓர் அறிக்கையும் பதினெட்டு மனிதர்களும்

தமிழ் படிப்பிக்கிறவருக்கு அணு ஆராய்ச்சி அறிக்கையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு தலைப்புத்தான் காரணம். அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடம் 1950இல் தயாரித்த எல்.ஏ. 1151 என்ற அறிக்கை, நாளத்தினூடாக மனிதனுக்குச் செலுத்தப்பட்ட புளூட்டோனியம் உடலில் எங்கே தங்குகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்பதைப் பற்றியது. 'செலுத்தப்பட்ட' என்பது செயப்பாட்டுவினை. செலுத்தியவர் யார்? அந்த 'மனிதன்' யார்? எழுவாயைக் காணோமே எண்டு பிள்ளைகளை ஏசுகிற நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

அணுக்குண்டு செய்த காலத்தில் புளூட்டோனியத்தைக் கையாண்ட ஊழியர்களுக்கு அதன் ஆபத்து சரியாகத் தெரியாது. அதிலிருந்து வரும் அல்பாக் கதிர் தோலைத் தாண்டாது. ஆனால் உடலுக்குள் போய்விட்டால் எலும்பிலும் ஈரலிலும் தங்கி அங்கேயே கதிர்வீசும். 1944 ஓகஸ்டில் லொஸ் அலமோஸில் ஒரு குப்பி வெடித்து, இளம் இரசாயனவியலாளர் ஒருவரின் வாய்க்குள் புளூட்டோனியம் போனது. உள்ளே எவ்வளவு தங்கியது? சிறுநீரை வைத்துக் கணிக்க ஒரு அளவுகோல் வேண்டும். அதற்கு மனித உடல் தேவைப்பட்டது.

1945 ஏப்ரல் தொடக்கம் 1947 ஜூலை வரை 18 பேருக்கு ஊசி ஏற்றினார்கள். ஓக் ரிட்ஜில் 1, ரொச்செஸ்டரில் 11, சிக்காகோவில் 3, சான் பிரான்சிஸ்கோவில் 3. எல்லாரும் வைத்தியம் தேடி வந்த நோயாளிகள். அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட 4 வயதுச் சிறுவனும் அதில் ஒருவன். தாள்களில் இவர்களுக்குப் பெயரில்லை, குறியீடுதான்.

கடைசி ஆள் 'கல்-3'. புகையிரதத்தில் சுமை தூக்கிய கறுப்பினத்தவர், வயது 36. இடது காலில் ஊசி போட்டார்கள். மூன்று நாளில் அந்தக் காலையே வெட்டினார்கள். பரிசோதனை பற்றி விளக்கினோம், சம்மதித்தார் என்று வைத்தியர்கள் குறிப்பெழுதி வைத்திருக்கிறார்கள். அதில் புளூட்டோனியம் என்ற சொல் இல்லை! 1973இல் அவரைத் திரும்பவும் கூப்பிட்டுச் சோதித்தார்கள். அப்போதும் உண்மை சொல்லவில்லை.

எதிரி நாட்டுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக மறைத்தார்கள் என்றால் போர்க்காலத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் போர் முடிந்தபின், 1947 ஏப்ரல் 17ஆம் திகதி அணுசக்தி ஆணைக்குழுவின் ஒரு கடிதம் வேறு காரணம் சொல்கிறது: மனிதப் பரிசோதனை பற்றிய தாள்கள் மக்களின் அபிப்பிராயத்தைக் கெடுக்கும், வழக்குகள் வரும், ஆகவே 'இரகசியம்' என்று முத்திரையிடுங்கள். இந்தத் தாளையும் ஒரு கோவைக்குள் பத்திரமாக வைத்திருந்தார்களே, அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

1987இல் அல்புகேர்க்கி நகரப் பத்திரிகையாளர் ஐலீன் வெல்சம், கதிரியக்கம் ஏறிய விலங்குகளின் உடல்களைப் புதைத்தது பற்றிய விமானப்படை அறிக்கையொன்றை வாசித்துக்கொண்டு போனபோது, மனிதப் பரிசோதனை பற்றிய அடிக்குறிப்பொன்றில் தடக்கினார். பிறகு ஒரு தாளில் டெக்சாஸ் மாநிலத்து இத்தாலி என்ற சிற்றூரின் பெயர் கிடைத்தது. அந்த ஊரில் விசாரித்தார். கல்-3 எல்மர் அலன் ஆனார். அலன் 1991இலேயே இறந்துவிட்டார்; மனைவிதான் இருந்தார். 1993 நவம்பரில் கட்டுரைகள் வந்தன. அடுத்த மாதமே சக்திச் செயலாளர் ஹேசல் ஓ'லியரி கோவைகளைத் திறக்கச் சொன்னார். ஜனாதிபதி கிளின்டன் அமைத்த விசாரணைக் குழு திரட்டிய தாள்கள் இன்று அமெரிக்கத் தேசிய சுவடிக்கூடத்தில் உள்ளன. எவரும் போய்ப் பார்க்கலாம்.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை, "அப்ப அந்தக் கணக்கெல்லாம் பொய்யா சேர்?" எண்டு கேட்டது. பொய்யில்லை மகள். அந்த நோயாளிகளின் சிறுநீரிலிருந்து வந்த சூத்திரத்தை வைத்துத்தான் பல்லாண்டுகள் அணு ஊழியர்களின் உடலைக் கணித்தார்கள். அவர்களைக் காப்பாற்றவும் அது உதவியது.

குழுவின் அறிக்கையை ஏற்று கிளின்டன் 1995 ஒக்டோபர் 3ஆம் திகதி மன்னிப்புக் கேட்டார். அதே நாளில்தான் ஓ.ஜே. சிம்சன் வழக்கின் தீர்ப்பு வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தன.