இசைத்தட்டுக்கு ஓர் எண், இசைப்பதிவுக்கு ஓர் எண்

நடன அரங்குகளில் ஒலிக்கும் இசையைப் பல நிறுவனங்களிடமிருந்து உரிமை பெற்று, ஒரே உறையில் தொகுத்து வெளியிடும் வழக்கம் 1990ஆம் ஆண்டுகளில் பிரிட்டனில் பெரிதும் வளர்ந்தது. இலண்டனில் 1991இல் தொடங்கப்பெற்ற மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்டு என்னும் நடன மன்றம், பின்னர் இத்தகைய தொகுப்புகளை வெளியிடும் நிறுவனமாகவும் பெயர் பெற்றது. ஒரு தொகுப்பில் இருபது முப்பது இசைப்பதிவுகள் அடங்கியிருத்தல் சாதாரணம். அவற்றுள் ஒவ்வொன்றும் வேறு பல தொகுப்புகளிலும் இடம்பெற்றிருக்கக்கூடும். இவற்றை ஐயத்திற்கு இடமின்றி இனங்காண்பது எங்ஙனம்? இதற்கென இரண்டு எண் முறைகள் கையாளப்படுகின்றன. ஒன்று உறையின் மீது அச்சிடப்படும் பட்டைக் குறியீடு, அதாவது பார்கோடு. மற்றொன்று ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியே வழங்கப்படும் ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் சர்வதேசப் பதிவுக் குறியீடு. முன்னது கடைக்காரருக்குரியது, பின்னது கலைஞருக்குரியது எனலாம்.

பட்டைக் குறியீடு வணிகத்தில் முதன்முதலாகப் பயன்பட்டது 1974 ஜூன் 26ஆம் நாள். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் டிராய் நகரிலுள்ள ஒரு பல்பொருள் அங்காடியில், ரிக்லி நிறுவனத்தின் சூயிங்கம் பொட்டலம் ஒன்று அன்று கருவியால் படிக்கப்பட்டது. அமெரிக்க முறையில் 12 இலக்கங்கள். ஐரோப்பாவில் தோன்றி உலகெங்கும் பரவிய முறையில் 13 இலக்கங்கள். இந்தப் பதின்மூன்றில் பன்னிரண்டுக்கு மட்டுமே கோடுகள் உண்டு என்பதைப் பலர் அறியார். முதல் இலக்கத்திற்குத் தனிக் கோடுகள் இல்லை. இடப்பாதியிலுள்ள ஆறு இலக்கங்களையும் எவ்வகைக் கோட்டமைப்பால் வரைந்துள்ளனர் என்பதைக் கொண்டே கருவி அதனை உணர்ந்துகொள்கிறது.

இறுதி இலக்கம் சரிபார்ப்பதற்கு உரியது. வகுப்பறையில் கணக்காகவே இதனைச் செய்து காட்டலாம். விளக்கத்திற்காக 5011112222339 என்னும் எண்ணைக் கொள்வோம். கடைசி 9 நீங்கலாக, ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 14. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 9. பின்னதை 3ஆல் பெருக்க 27; இரண்டும் சேர்ந்து 41. இதனை அடுத்த பத்தின் மடங்காகிய 50 ஆக்குவதற்கு 9 வேண்டும். ஆகவே 9 சரிபார்க்கும் இலக்கமாயிற்று. ஏதேனும் ஓர் இலக்கத்தை மட்டும் தவறாகப் படித்தால் கணக்கு ஒருபோதும் ஒத்துவராது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிழை வெளிப்பட்டுவிடும். ஆனால் அவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஐந்தாக இருப்பின் வெளிப்படாது. மேற்கண்ட எண்ணின் தொடக்கத்திலுள்ள 50ஐ 05 என மாற்றிக் கணக்கிட்டாலும் விடை 9 என்றே வருவதைக் காண்க.

தொடக்கத்திலுள்ள 50 பிரிட்டனைக் குறிக்கும், இந்தியாவுக்குரியது 890. இது பொருள் உற்பத்தியான நாட்டைக் காட்டுவதாகக் கருதுவது பரவலான தவறு. எண்ணை வழங்கிய அமைப்பு எந்நாட்டைச் சேர்ந்தது என்பதை மட்டுமே அது காட்டும். மேலும், ஒரே தொகுப்பு குறுந்தகடாகவும் ஒலிநாடாவாகவும் வெளிவந்தால் இரண்டிற்கும் வெவ்வேறு எண்கள் அமையும். உள்ளிருக்கும் பாடல்கள் எவை என்பதைப் பற்றி அந்த எண் யாதொன்றும் உரைப்பதில்லை.

நடன இசையில் இக்குறை பெரிதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. இத்துறையில் ஒரே பெயருடைய பாடல் பல வடிவங்களில் உலவுகிறது: வானொலிக்கெனச் சுருக்கியது, அரங்கிற்கென நீட்டியது, குரலை நீக்கியது, வேறொருவர் மறுகலவை செய்தது எனப் பல. மான்செஸ்டரைச் சேர்ந்த நியூ ஆர்டர் குழுவின் ‘புளூ மண்டே’ 1983இல் பன்னிரண்டு அங்குலத் தட்டாக வெளிவந்தது. அதன் மறுகலவைகள் 1988இலும் 1995இலும் வெளியாயின. தொகுப்பின் உறையில் ‘புளூ மண்டே’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால், மூன்றனுள் எது என்பதை எவ்வாறு அறிவது? பெயர் போதாது, எண் தேவை.

அந்தத் தேவையை நிறைவு செய்வதே ஐ.எஸ்.ஆர்.சி. இதற்கான சர்வதேசத் தரம் 1986இல் முதன்முறையாக வெளியிடப்பட்டது. இதில் 12 குறிகள் உள்ளன: முதலில் இரண்டு எழுத்துகள், பின்னர் பதிவாளரைக் குறிக்கும் மூன்று குறிகள், அடுத்து ஆண்டுக்கு இரண்டு இலக்கங்கள், இறுதியில் ஐந்து இலக்க வரிசை எண். முதல் இரண்டு எழுத்துகள் தொடக்கத்தில் நாட்டைக் குறித்தன. எண் வழங்கும் முறை விரிந்தபின் அவற்றிலிருந்து நாட்டை உறுதியாகக் கூற இயலாது. மறுகலவை ஒவ்வொன்றும் புதிய எண் பெறும். மாறாக, ஒரே பதிவு மாற்றமின்றி ஐம்பது தொகுப்புகளில் இடம்பெற்றாலும் அதன் எண் ஒன்றே. பதிவின் உரிமை வேறொருவருக்கு விற்கப்பட்டாலும் எண் மாறுவதில்லை.

ஆண்டு இலக்கங்கள் பலரை ஏமாற்றுகின்றன. அவை பாடல் பதிவான ஆண்டு அல்ல. எண் வழங்கப்பட்ட ஆண்டு. 1983ஆம் ஆண்டுத் தட்டுக்குப் பிற்காலத்திலேயே எண் கிடைத்திருக்க முடியும். ஏனெனில் அப்போது இம்முறையே இல்லை. இவ்விலக்கங்களைக் கொண்டு நூலக அட்டையில் பதிவாண்டை எழுதுவது பிழையாகும்.

பாடல்களை இடைவெளியின்றி ஒன்றோடொன்று இழையச் செய்து டி.ஜே. அமைத்த தொகுப்புகளில் சிக்கல் கூடுகிறது. அங்கு ஒரு பாடலின் தொடக்கமும் முடிவும் வெட்டப்படுகின்றன. ஒலிக்கும் நேரம் பத்து நொடிக்கு மேல் மாறினால் புதிய எண் வேண்டும் என்பது நடைமுறை விதி. செவிக்கு அதே பாடலாகத் தோன்றினும் ஏட்டில் அது வேறு பதிவாகும்.

குறுந்தகட்டில் இவ்விரு எண்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஒலித் தகவலுடன் ஓடும் துணைத்தடம் ஒன்று, நொடிக்கு 75 கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எண்கள் எழுதப்படின், நூறு கூறுகளுக்கு ஒரு முறையேனும் அவை இடம்பெற வேண்டும் என்பது விதி. ஆயினும் எழுதுவது கட்டாயமன்று. பல தகடுகளில் அவ்விடம் வெறுமையாகவே உள்ளது. எண் இசையின் ஒலியில் கலந்திருப்பதன்று; ஆதலால் நாடாவில் படியெடுத்தால் அது உடன்வராது.

ஐ.எஸ்.ஆர்.சி.யில் சரிபார்க்கும் இலக்கம் கிடையாது என்பது அதன் பெருங்குறை. பூச்சியத்தை ஆங்கில ‘ஓ’ எழுத்தாகவோ, ஒன்றை ‘ஐ’ எழுத்தாகவோ எழுதிவிட்டால் எச்சரிக்கும் கணக்கு எதுவும் இல்லை. வானொலி நிலையங்கள் ஒலிபரப்பிய பாடல்களின் பட்டியலைக் கொண்டே கட்டணம் பங்கிடப்படுகிறது; பிரிட்டனில் 1934இல் தோன்றிய பி.பி.எல். அமைப்பு இப்பணியைச் செய்கிறது. குறி ஒன்று பிறழ்ந்தால், மறுகலவைக்குரிய தொகை மூலப்பதிவின் கலைஞருக்குச் செல்லலாம். அல்லது எவருக்கும் சேராது தேங்கலாம். ஆகவே இசைச் சேகரிப்புகளைப் பட்டியலிடுவோர் உறையின் எண்ணோடு நில்லாமல், ஒவ்வொரு பாடலுக்கும் வடிவத்தின் பெயர், ஒலிக்கும் நேரம், ஐ.எஸ்.ஆர்.சி. ஆகிய மூன்றையும் குறித்தல் வேண்டும். பட்டைக் குறியீடே இல்லாத பழைய பன்னிரண்டு அங்குலத் தட்டுகளில், உட்புற ஓரத்தில் கீறப்பட்டுள்ள எண்ணை உள்ளவாறே படியெடுத்துக்கொள்ளலாம்.