மலையேறும் பையில் பீர் டின்னா? ஒரு நிமிஷம்...

'எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரைக்கும் நடந்துட்டு வரப் போறோம்!'

உங்கள் மகனோ, தம்பியோ இப்படிச் சொல்லிவிட்டு மூட்டை கட்டுகிறாரா? ஷூ, ஸ்வெட்டர், டார்ச், மாத்திரை டப்பா... எல்லாவற்றையும் நீங்களும் கூட இருந்து எடுத்து வைப்பீர்கள். ஆனால், காத்மாண்டுவில் இறங்கியதும் அந்தப் பைக்குள் புதிதாக ரெண்டு பீர் டின் ஏறிக்கொண்டால்?

'எங்க வீட்ல யாரும் தொட மாட்டாங்க' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஊரில் தொடாதவர்கள்கூட, நண்பர்களோடு குளிரில் உட்கார்ந்திருக்கும்போது 'சும்மா ஒரு வாய்' என்று ஆரம்பிப்பது உண்டு. என்ன ஆகும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதானே?

பை லேசு... சரக்கு லேசா?

330 மி.லி. பீர் டின் ஒன்றின் எடை ஏறக்குறைய 350 கிராம். நாலு டின் என்றால் 1 கிலோ 400 கிராம்! இதில் டின்னின் கனம் ரொம்பக் கொஞ்சம். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீர்தான்.

'வழியெல்லாம் தண்ணீர் கிடைக்கும்போது அதை எதுக்குச் சுமக்கணும்?' என்று யோசித்தார்கள் அமெரிக்காவில். 2010-க்குப் பிறகு, கெட்டியாக்கிய பீரை 50 மி.லி. பாக்கெட்டில் அடைத்து விற்பனைக்கு விட்டார்கள். மலையில் போய்த் தண்ணீரும் காஸும் சேர்த்தால் பீர் ரெடி! தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற மதுப் பொடிக்குக்கூட 2015-ல் அமெரிக்க மத்திய அரசு அனுமதி தந்தது. பல மாநிலங்கள் தடை போட்டதால் அது கடைக்கு வரவில்லை.

சரி, பை லேசாகிவிட்டது. ஆனால் அந்தச் சின்னப் பாக்கெட்டுக்குள்ளும் முழு பீருக்கான ஆல்கஹால் அப்படியே இருக்கிறதே! முதுகு சுமக்காததைக் கல்லீரலும் மூளையும் சுமக்கின்றன. 'லைட்' பீர் என்று பெயர் போட்டிருந்தாலும் ஏமாறாதீர்கள். வழக்கமான பீரில் 5 சதவிகிதம் ஆல்கஹால் என்றால், அதில் 4 சதவிகிதத்தை ஒட்டி இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மேலே போகப் போக...

எவரெஸ்ட் பாதையில் நடை தொடங்கும் லுக்லா சுமார் 2,850 மீட்டர் உயரம். அடுத்த பெரிய ஊரான நாம்சே பஜார் 3,440 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்ஸிஜன், நம்ம ஊர்க் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,364 மீட்டரில் உள்ள பேஸ் கேம்ப்பில் ஏறக்குறைய பாதி!

இதைச் சமாளிக்க உடம்பு ஒரு வழி வைத்திருக்கிறது. நாம் தூங்கும்போதுகூட அது வேகமாக, ஆழமாக மூச்சு வாங்கும். ஆல்கஹால் கை வைப்பது சரியாக அந்த இடத்தில்தான். 1995-ல் ஆஸ்திரிய மருத்துவர்கள் 3,000 மீட்டர் உயரத்தில் சிலருக்கு 50 கிராம் ஆல்கஹால், அதாவது ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான பீரில் இருக்கும் அளவு கொடுத்துப் பார்த்தார்கள். மூச்சு மந்தமாகி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கியது.

இது எந்தத் தலைவலி?

பெரிய ஆபத்து இதுதான். கவனமாகப் படியுங்கள்.

உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி, பசியின்மை வரும். முந்தின ராத்திரி குடித்தவருக்குக் காலையில் என்ன வரும்? அதே தலைவலி, அதே குமட்டல்! 'நேத்து அடிச்ச பீர்... தூங்கினா சரியாயிடும்' என்று கூட இருப்பவர்கள் விட்டுவிடுவார்கள்.

மலைநோய் முற்றினால் மூளையில் வீக்கம் வரும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், எழுப்பினாலும் எழ முடியாத தூக்கம் வரும். குடித்தவரும் அப்படித்தானே இருப்பார்? இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாமல் ஒரு ராத்திரி கழிந்தால், காலையில் உயிரே இல்லாமல் போகலாம்.

அதனால் மலையேறுபவர்களுக்கு ஒரே விதி: மேலே வந்த பிறகு வருகிற தலைவலி, வேறு காரணம் நிச்சயமாகத் தெரிகிறவரை மலைநோய்தான்! குடித்திருந்தாலும் சரி, குடிக்காவிட்டாலும் சரி.

'குளிருக்கு நல்லதாமே?'

இல்லை. ஆல்கஹால் தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரித்துவிடும். அதனால் சூடாக இருப்பது போல ஒரு சுகம். உண்மையில், உள்ளே இருக்கவேண்டிய சூடு தோல் வழியாக வெளியே ஓடிக்கொண்டிருக்கும். ஷெர்ப்பா வீடுகளில் அன்போடு தருகிற 'சாங்' எனும் தானிய பீருக்கும் இதே கதைதான். கையெடுத்துக் கும்பிட்டு, 'இறங்கி வரும்போது' என்று சொல்லுங்கள், தப்பாக நினைக்கமாட்டார்கள்.

போகிறவர் கையில் இதை எழுதிக் கொடுங்கள்

* ஏறும் நாட்களில் பீர் வேண்டவே வேண்டாம். குடித்துவிட்டுத் தூக்க மாத்திரை போடுவது அதைவிட ஆபத்து.

* 3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. மூன்று, நான்கு நாளைக்கு ஒரு தடவை ஓய்வு.

* தலைவலி வந்தால் மேலே ஏறாமல் அங்கேயே தங்குங்கள். குறையவில்லை என்றால் இறங்குங்கள்.

* குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து, நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், ராத்திரி ஆனாலும் துணையோடு உடனே கீழே இறக்குங்கள். தனியாகத் தூங்க விடாதீர்கள்.

* 4,371 மீட்டரில், பெரிச்சே என்ற ஊரில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ முகாம் 1973-லிருந்து இருக்கிறது. சீசனில் டாக்டர்கள் மலைநோய் பற்றிப் பேசுவார்கள். அரை நாள் போனாலும் கேட்டுவிட்டுப் போகவும்.

* வழி விடுதிகளில் இஞ்சி, எலுமிச்சை போட்ட சூடான டீ கிடைக்கும். குளிருக்கு அதுதான் தோழன்.

* கண்ணாடிப் பாட்டில் பீருக்கு அந்தப் பகுதியில் 1998-லேயே தடை வந்துவிட்டது. காலி டின்னையும் அங்கே வீசாமல் பையில் கொண்டு வரவேண்டும்.

கொண்டாட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மலை ஏறியதற்குக் கொண்டாட்டம், பத்திரமாக இறங்கி வந்த பிறகுதானே? முதலில் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, 'கீழே வந்துட்டேம்மா!' என்று சொல்லட்டும். அதைவிடப் போதை வேறென்ன இருக்கிறது!