கையெழுத்திடும் முன் ஓர் இரவு பொறுங்கள்
கார் வாங்கச் செல்லும் எம்மவர் கவனத்துக்கு

ஊரில் ஒரு பழைய சைக்கிள் வாங்குவதென்றாலும் எம்மவர்கள் தனியே செல்வதில்லை. விவரமறிந்த ஒருவரைக் கூட்டிச் சென்று, சில்லைச் சுற்றிப் பார்த்து, எங்கேனும் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, சிறிது தூரம் ஓடிப் பார்த்து, பேரம் பேசிய பின்னரே பணத்தை எண்ணிக் கொடுப்பர். அவ்வளவு எச்சரிக்கை கொண்ட நாமே இங்கு 20,000 டொலர் கடனில் ஒரு காரை வாங்கும்போது, ஒரே பிற்பகலில், வாசித்துப் பாராத தாள்களில் கையெழுத்திட்டுவிட்டு வீடு திரும்புகிறோம்.

ஸ்காபரோவில் வசிக்கும் அன்பர் ஒருவர் அண்மையில் ஒரு கோவையுடன் எம்மிடம் வந்தார். அகதிக் கோரிக்கை விசாரணைக்காகக் காத்திருப்பவர். தொழிற்சாலையில் அதிகாலை வேலை. அந்நேரத்தில் அவ்விடத்துக்குப் பேருந்து இல்லை. ஆகவே கார் அவருக்கு ஆடம்பரமன்று, பிழைப்பு. சனிக்கிழமை ஒரு விற்பனை நிலையத்தில் பாவித்த கார் ஒன்றை வாங்கினார். ஞாயிறு இரவு கணக்குப் பார்த்தார். திங்கட்கிழமை காலை அதைத் திருப்பிக் கொடுக்கச் சென்றார். "கையெழுத்து வைச்சாச்சு அண்ணை, இனி ஒண்டும் செய்யேலாது" என்று பதில் கிடைத்தது. துயரம் என்னவெனில், ஒன்ராறியோச் சட்டப்படி அந்தப் பதில் சரியானதே.

திருப்பிக் கொடுக்கும் உரிமை

"பத்து நாளுக்குள் எதையும் திருப்பிக் கொடுக்கலாம்" என்ற நம்பிக்கை எம்மிடையே பரவலாக உண்டு. வீட்டு வாசலுக்கு வந்து செய்யப்படும் ஒப்பந்தங்களுக்குரிய பத்து நாள் அவகாசத்தை எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்ப்பதால் ஏற்பட்ட மயக்கம் இது. விற்பனை நிலையத்தில் கார் வாங்குவோருக்கு ஒன்ராறியோவில் அத்தகைய அவகாசம் ஒரு நாள்கூட இல்லை. கையெழுத்திட்ட கணத்திலேயே ஒப்பந்தம் இறுதியாகிவிடும்.

விதிவிலக்குகள் சிலவே. கார் முன்னர் வாடகை வண்டியாகவோ, பொலிஸ் வாகனமாகவோ, நாள் வாடகைக்கு விடப்பட்டதாகவோ இருந்ததை மறைத்திருந்தால். ஓடிய தூரத்தையோ, தயாரிப்பு, மாதிரி, ஆண்டு ஆகியவற்றையோ தவறாகத் தெரிவித்திருந்தால். விபத்தில் முற்றாகச் சேதமடைந்து பின்னர் மீளக் கட்டப்பட்டது என்பது போன்ற பதிவை ஒளித்திருந்தால், காரைப் பெற்ற 90 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். "விலை கூடிவிட்டது", "வட்டி விளங்கவில்லை" என்பன காரணங்களாகா.

மாதக் கணக்கும் மொத்தக் கணக்கும்

அன்பரின் கோவையை விரித்துப் பார்த்தோம். காரின் விலை 16,000 டொலர். 13 வீத வரியுடன் 18,080. துருக்காப்பு, நீடித்த உத்தரவாதம், பதிவுச் செலவு எனச் சேர்ந்து கடன் 20,000 ஆகியிருந்தது. கனடாவில் கடன் வரலாறு இல்லாதவர் என்பதால் வட்டி வீதம் ஏறத்தாழ 20. ஆனால் அவருடைய காதில் விழுந்தது ஒரே ஓர் எண்தான்: "இரண்டு கிழமைக்கு 244 டொலர்."

இரண்டு கிழமைக்கு ஒருமுறை என்றால் மாதத்துக்கு இருமுறை, ஆண்டுக்கு 24 முறை என்று அவர் எண்ணினார். ஓராண்டில் இருவாரங்கள் 26. ஆகவே அவர் எதிர்பாராத 488 டொலர் ஆண்டுதோறும் கூடுகிறது. ஐந்து ஆண்டுகளில் 130 தவணைகள். மொத்தம் 31,720 டொலர். 16,000 டொலர் என்று எழுதப்பட்ட காருக்கு அவர் ஈற்றில் செலுத்தப்போவது இதன் இரு மடங்குக்குச் சற்றே குறைவு.

நல்ல கடன் வரலாறு உள்ளவர்களும் இவ்வலையில் விழுவதுண்டு. 20,000 டொலரை 8 வீத வட்டிக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதம் ஏறத்தாழ 406 டொலர்; ஏழு ஆண்டுகளுக்கு நீட்டினால் 312 டொலர். மாதத்தொகை குறைந்ததென மகிழ்கிறோம். ஆனால் மொத்த வட்டி 4,330 டொலரிலிருந்து 6,185 டொலராக ஏறுகிறது. "மாதம் எவ்வளவு உங்களால் கட்ட முடியும்?" என்று விற்பனையாளர் கேட்டால், அதற்கு விடையளிக்கு முன் நாம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: வரியோடு முழு விலை எவ்வளவு? ஆண்டு வட்டி வீதம் என்ன? கடைசித் தவணை வரை கட்டும் மொத்தத் தொகை எவ்வளவு? கடன் பத்திரத்தில் இவை எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைத் தேடி வாசியுங்கள்.

விளம்பர விலையும் மேலதிகச் செலவுகளும்

2010 ஆம் ஆண்டு முதல் ஒன்ராறியோவில் பதிவுபெற்ற வணிகர் ஒருவர் விலை குறிப்பிட்டு விளம்பரம் செய்தால், அவர் அறவிட எண்ணும் எல்லாக் கட்டணங்களும் அதில் அடங்கியிருக்க வேண்டும். விற்பனை வரியும் வாகனப் பதிவுச் செலவும் மாத்திரமே அதற்கு வெளியே நிற்கலாம். ஆகவே விளம்பரத்தின் பிரதி ஒன்றைக் கையில் கொண்டு செல்லுங்கள். "நிர்வாகச் செலவு" என்று ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு வரி தோன்றினால் அதைச் சுட்டிக் காட்டுங்கள். துருக்காப்பு, நீடித்த உத்தரவாதம் போன்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, "இது சட்டப்படி கட்டாயமா?" என்று வினவுங்கள். வேண்டாதவற்றை வெட்டிவிடச் சொல்வதில் வெட்கமில்லை.

காரின் பழைய கதை

விபத்தொன்றின் சேதத்தைத் திருத்த 3,000 டொலருக்கு மேல் சென்றிருந்தால் வணிகர் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதோடு நின்றுவிடாமல் காரின் வரலாற்று அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறது என்பதால் கார் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். பரிசோதித்த நாளில் குறைந்தபட்ச விதிகளை அது நிறைவேற்றியது என்பதற்கு மேல் அச்சான்றிதழ் எதையும் சொல்வதில்லை; அது உத்தரவாதமன்று. விற்பனை நிலையத்தோடு தொடர்பற்ற ஒரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டுங்கள். ஊரில் சைக்கிள் பார்க்க வந்தவரின் வேலையை இங்கு அவர் செய்வார். அதற்கு வணிகர் சம்மதிக்க மறுத்தால், அம்மறுப்பே உங்களுக்குரிய பதில்.

வீதியோரத்திலோ கடைத்தொகுதி வாகனத் தரிப்பிடத்திலோ, உரிமையாளர் போல நடித்துப் பல கார்களை விற்போரும் உளர். பதிவுபெற்ற வணிகரிடம் வாங்கியோருக்கு மாகாணத்தில் இழப்பீட்டு நிதியொன்று உண்டு. பதிவற்றவரிடம் ஏமாந்தவருக்கு அந்நிதி உதவாது.

எம்மவர் என்ற நம்பிக்கை

அன்பரை அந்த நிலையத்துக்கு ஈர்த்தது அங்கு தமிழில் பேசிய விற்பனையாளரே. "பயப்படாதேங்கோ, ஆறு மாதத்திலை வட்டியைக் குறைச்சுத் தாறன்" என்றாராம். தமிழில் சொல்லப்பட்ட அந்த வாக்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் இல்லை. நேர்மையான தமிழ் விற்பனையாளர்கள் பலரை நாம் அறிவோம். நேர்மையானவர், தாம் சொன்னதை எழுதித் தரத் தயங்கார். வாய்ச்சொல் எதுவாயினும், "அதையும் இதில் எழுதுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். ஆங்கிலம் கடினமெனில் வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு செல்லுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கி, அப்பாரத்தை அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

பிணை நிற்போருக்கு

அக்கடனுக்குப் பிணையாகக் கையெழுத்திட்டவர் அன்பரின் அத்தான். "சும்மா ஒரு கையெழுத்து" என்றே அவரை அழைத்துச் சென்றிருந்தனர். சும்மா இடும் கையெழுத்து என ஒன்றில்லை. தவணை தவறினால் முழுத்தொகையையும் அவரிடம் கேட்கலாம். அவருடைய கடன் வரலாறும் கெடும். நாளை அவர் வீடு வாங்கக் கடன் கேட்கையில் இக்காரும் கணக்கில் வரும். காப்புறுதிச் செலவையும் எவரும் முன்கூட்டி விசாரிக்கவில்லை. புதிய சாரதி ஒருவருக்கு அது கார்த் தவணையை எட்டிப் பிடிக்கக்கூடும் என்பதைத் திங்கட்கிழமையே அறிந்தனர். இன்று அவ்விரு குடும்பங்களுக்கிடையே பேச்சுக் குறைந்திருக்கிறது. கடனைக் கட்டி முடிக்கலாம். உறவு முறிந்தால் ஒட்டுவது கடினம்.

அன்பருக்கு நாம் சொல்லக்கூடியதாக இருந்தது ஒன்றே. தவணைகளைத் தவறாது கட்டி வந்தால் கடன் வரலாறு வளரும். பின்னர் வேறு வங்கியில் குறைந்த வட்டிக்குப் பெற்று இக்கடனை முடிக்கலாம். முன்கூட்டிக் கட்டி முடிப்பதற்கு ஒன்ராறியோவில் தண்டம் அறவிட முடியாது.

"என்ரை பெயரைப் போடாதேங்கோ, கணக்கைப் போடுங்கோ" என்று கேட்டுக்கொண்டு அவர் விடைபெற்றார். போட்டிருக்கிறோம். விற்பனை நிலையத்தில், "இந்த விலை இன்றைக்கு மட்டும்தான்" என்று அவசரப்படுத்தினால், நம் முன்னோர் கடன்காரருக்கும் கல்யாணத் தரகருக்கும் சொல்லிவந்த அதே விடையைச் சொல்லுங்கள்: "வீட்டிலை கதைச்சுப்போட்டு நாளைக்கு வாறம்." தாள்களை வீட்டுக்குக் கொண்டு வந்து, கணக்கைப் பார்த்து, ஓர் இரவு தூங்கி எழுந்து முடிவு செய்யுங்கள். சட்டம் தராத அவகாசத்தை நாமே எமக்கு அளித்துக்கொள்ளும் வழி அதுவே.