1674: கடலைக் காவாதவர் கதை

கவரைப்பேட்டைக்குக் கிழக்கே, பழவேற்காட்டில், டச்சுக்காரரின் கல்லறைகளை இன்றும் காணலாம். 1613-ம் வருஷம் அவர்கள் அங்கே எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை ஸ்தானமாக 1690 வரை விளங்கிற்று. பிரெஞ்சு சரித்திரத்தில் 1674-ம் வருஷத்தைப் படிப்போர் இக்கரையையும் மறத்தலாகாது.

1672-ல் பதினான்காம் லூயி மன்னன் ஹாலந்தின்மீது படையெடுத்தான். அதே வருஷம், டிலாஹே என்னும் தளபதியின் கப்பற்படை, கோல்கொண்டா சுல்தானுக்கு உட்பட்டிருந்த சாந்தோமைக் கைப்பற்றியது. சுல்தானிடம் தரைப்படை உண்டு. கடலை அடைக்கத் தக்க கப்பற்படை இல்லை. ஆகவே டச்சுக்காரரின் துணையை நாட வேண்டியதாயிற்று. ஐரோப்பியரின் சண்டை மயிலாப்பூர் வாசலில் நடந்தது! நெடிய முற்றுகைக்குப் பின், 1674 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சரணடைந்தனர்.

அந்நியர் அதனால் அகன்றனரா? இல்லை. பீஜப்பூர் ராஜ்யத்தின் அதிகாரி ஷேர்கான் லோடி அளித்திருந்த இடத்தில், பிரான்சுவா மார்ட்டின் என்பவர் அவ்வருஷமே புதுச்சேரிக் குடியேற்றத்துக்கு அஸ்திவாரமிட்டார். ஒரு ராஜ்யம் துரத்தியவரை மற்றொரு ராஜ்யத்தின் அதிகாரி வரவேற்றார்!

1686-ல் பீஜப்பூரும், 1687-ல் கோல்கொண்டாவும் ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தன. புதுச்சேரியோ, இடையிடையே டச்சுக்காரரிடமும் ஆங்கிலேயரிடமும் கைமாறியபோதிலும், 1954 நவம்பர் 1-ந் தேதி வரை பிரெஞ்சு ஆட்சியிலேயே இருந்தது.

தன் கரையைத் தானே காவாத ராஜ்யம், ஓர் அந்நியனை விரட்டுவதற்காக மற்றோர் அந்நியனுக்கு வாசலைத் திறந்துவிடுகிறது. அண்டை ராஜ்யத்தோடும் ஒற்றுமை இல்லையேல், விரட்டப்பட்டவன் பக்கத்து வாசல் வழியே திரும்பி வருகிறான். 1674 புகட்டும் பாடம் இதுவே.